கட்டில விட்டு எறங்கு, கண்ணு

நான் லேபர் வார்டில் வேலை பார்த்தவள் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூட யாராவது ஓர் அம்மா பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம். சுகப்பிரசவம் ஆவணும்னா இன்னா பண்ணணும் சிஸ்டர்?" குங்குமப்பூ, சீரகக் கஷாயம், விளக்கெண்ணெய் என்று ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பார். (விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கில் துவண்டுபோய் வலியோடு வந்து இறங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.)

அந்தக் கேள்வியில் இருக்கும் பயம் நியாயமானதுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 60 சதவீதத்தைத் தாண்டும். தேவைப்படும்போது சிசேரியன் உயிரைக் காக்கிறது, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சுகப்பிரசவத்துக்கு யாரும் கேரண்டி கொடுக்கவும் முடியாது. அதனால் என் பதில் சின்னதாகத்தான் இருக்கும்: "வலி எடுத்தப்புறம் படுத்தே கெடக்க வேணாம்னு சொல்லுங்க. நடக்கட்டும், நிக்கட்டும், குந்தட்டும்."

கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். அப்புறம் ஒரு கேள்வி வரும். அதுதான் சரியான கேள்வி. "ஆஸ்பத்திரியில வுடுவாங்களா?"

அதற்கு வருகிறேன். முதலில், நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்பெலும்பின் மேல்வாய் பக்கவாட்டில் அகலம், கீழ்வாய் முன்பின்னாக அகலம். அதனால் குழந்தையின் தலை நேராக இறங்க முடியாது, திரும்பித் திரும்பித்தான் இறங்க வேண்டும். வளைகாப்பில் வளையல் போடுகிறவர் இறுக்கமான வளையலை அமுக்கி ஏற்றமாட்டார், கையை இப்படியும் அப்படியும் திருப்பி, விரல்களைக் குவிக்கச் சொல்லி, மெல்ல ஏற்றுவார். இங்கேயும் அதே வேலைதான் நடக்கிறது. கர்ப்பகாலத்தில் இடுப்பு மூட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அம்மா அசைந்தால் அந்த எலும்புகளும் அசையும், தலை தனக்குத் தோதான இடத்தைத் தேடிக்கொள்ளும். மல்லாந்து படுத்தால் உடம்பின் பாரம் முழுக்க இடுப்பின் பின்னெலும்பிலும் வால் எலும்பிலும் உட்கார்ந்துகொள்கிறது. கடைசி நேரத்தில் பின்னால் விலகி வழிவிட வேண்டியது அந்த வால் எலும்புதான். அதன் மேலேயே ஆளைப் படுக்கப்போட்டுவிட்டு "நல்லா முக்கு, நல்லா முக்கு" என்று கத்துகிறோம்.

இன்னொன்று ரத்த ஓட்டம். நிறைமாத வயிறு, மல்லாந்து படுத்தால், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய்களை அமுக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், அம்மாவுக்குத் தலை கிறுகிறுக்கும், குழந்தையின் துடிப்பும் சிலசமயம் இறங்கும். "இடதுபக்கம் ஒருக்களிச்சுப் படு" என்று எல்லா வார்டிலும் சொல்வது இதனால்தான். துடிப்பு குறைகிறது என்று எல்லோரும் பதறும்போது, பக்கம் மாற்றிப் படுக்க வைத்ததுமே அது ஏறி நிலைக்கு வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இது கிழவிகள் சொல்லும் வைத்தியம் மட்டும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வில், நடந்தும் நிமிர்ந்தும் இருந்த பெண்களுக்கு முதல் கட்டம், அதாவது கர்ப்பவாய் முழுக்கத் திறக்கும் வரையிலான நேரம், படுத்திருந்தவர்களைவிட ஏறக்குறைய 1 மணி 22 நிமிடம் குறைவாக இருந்தது. சிசேரியனும் குறைந்தது. வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி கேட்டவர்களும் குறைவு. 1 மணி 22 நிமிடம் என்று படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். கர்ப்பவாய் ஏழு சென்டிமீட்டர் திறந்து வலியில் இருக்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய நேரம் என்று சொல்வாள். உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில், பிரச்சினை இல்லாத பெண்களை வலி நேரத்தில் நடமாட விடுங்கள், நிமிர்ந்திருக்க ஊக்கப்படுத்துங்கள் என்றே சொல்கிறது.

எப்படி எப்படி இருக்கலாம் என்றால், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வலி இல்லாத இடைவெளியில் வராண்டாவில் மெதுவாக நட. வலி வந்ததும் நின்று, சுவரிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டில் முனையிலோ கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, இடுப்பை இடமும் வலமுமாக ஆட்டு. கூட இருப்பவள் கழுத்தில் இரண்டு கையையும் போட்டு உடம்பைத் தளரவிட்டுத் தொங்கு. கைப்பிடி இல்லாத நாற்காலி இருந்தால் திரும்பி உட்கார்ந்து, முதுகு சாயும் பக்கத்தில் தலையணை வைத்து அதில் சாய்ந்துகொள். ஒரு காலை ஸ்டூலில் வைத்து, அந்தக் காலின் பக்கமாக இடுப்பை மெல்லச் சாய்த்து எடு, தலை ஒரு பக்கமாகச் சிக்கியிருந்தால் இது நன்றாகவே உதவும். களைத்துப்போனால் படு, தாராளமாகப் படு, ஆனால் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து. அரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இருப்பை மாற்று. மூத்திரத்தை அடக்காதே, பை நிறைந்திருந்தால் தலை இறங்காது. கஞ்சி, மோர், டீ எது இறங்குகிறதோ அதை மடக்கு மடக்காகக் குடி, டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் தவிர.

எந்த இருப்பு யாருக்கு ஒத்துவரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடம்பே சொல்லும். பத்து தினுசு படம் போட்டு இந்த நேரத்துக்கு இந்தப் பொசிஷன் என்று அட்டவணை கொடுக்கும் வீடியோக்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வலியில் இருக்கிறவளுக்கு அட்டவணை ஞாபகம் வராது.

முதுகு வலிக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தையின் பின்மண்டை அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தால், வலி வயிற்றில் வராமல் நடு இடுப்பில் ஆணி அடித்தது போல வரும். வலி ஓய்ந்தாலும் இடுப்பு ஓயாது. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண், தலைச்சன் பிரசவம். ஆறு சென்டிமீட்டரில் அப்படியே நின்றுவிட்டது. மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போய், "சாவறேன் சிஸ்டர்" என்று அரற்றிக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்தது அவளுடைய நாத்தனார். பீடி சுற்றுகிறவர், விரல்களில் இலை வெட்டிய காய்ப்பு. அவர் யாரையும் கேட்கவில்லை. வார்டு மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை உதறிப் போட்டார். "இன்னாத்துக்கு மல்லாந்துனு கீற? கட்டில விட்டு எறங்கு, கண்ணு. எறங்கி முட்டி போடு."

முட்டி போட்டு, கைகளை ஊன்றி, தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்துக்கொண்டாள். வயிறு கீழே தொங்க, முதுகின் மேலிருந்த பாரம் இறங்கியது. நாத்தனார் பின்னால் மண்டியிட்டு, உள்ளங்கையின் அடிமேட்டை இடுப்பின் நடு எலும்பில் வைத்து, வலி வரும்போதெல்லாம் உடம்பின் முழு பலத்தையும் கொடுத்து அமுக்கினார். நான் செய்தது ஒன்றுதான். ஒரு வலிக்கு அவர் கையை எடுத்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் வைத்து, உள்நோக்கி நெருக்கச் சொன்னேன். "தோ, இதுதான், இங்கதான், கையை எடுக்காத அண்ணி" என்றாள் அந்தப் பெண். அதுவரை அவள் வாயிலிருந்து "சாவறேன்" தவிர வேறு வார்த்தை வரவில்லை. முட்டி போட்டதால்தான் குழந்தை திரும்பியது என்று அடித்துச் சொல்லமாட்டேன். அது தானாகவே திரும்பியிருக்கலாம், பெரும்பாலான குழந்தைகள் திரும்பத்தான் செய்கின்றன. ஆனால் வலி தாங்கக்கூடியதாக மாறியது உண்மை, அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இங்கே ஒரு சின்ன விலகல். "ஒம்பதாம் மாசம் குனிஞ்சு வீடு தொடச்சா கொழந்த நேரா திரும்பிக்கும்" என்பது எங்கள் ஊர் மாமியார்களின் வேதவாக்கு. ஆஸ்திரேலியாவில் 2500-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். கடைசி வாரங்களில் தினமும் முட்டி போட்டு இடுப்பை ஆட்டினவர்களுக்கும் சும்மா நடந்தவர்களுக்கும், பிறக்கும்போது குழந்தை இருந்த நிலையில் வித்தியாசம் எதுவும் இல்லை என்று 2004-இல் முடிவு வந்தது. முட்டி போடுவதன் பலன் வலி நேரத்து முதுகு வலிக்குத்தான். ஆகவே மருமகளைத் தரை துடைக்கச் சொல்வதானால், தரை அழுக்காக இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிடலாம்.

எல்லோரும் எப்போதும் நடக்கலாம் என்றும் இல்லை. பனிக்குடம் உடைந்து தலை இன்னும் மேலேயே இருந்தால், தண்ணீரோடு தொப்புள்கொடி முன்னால் சரிந்து வரும் அபாயம் உண்டு. அப்போது டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. ரத்தப்போக்கு இருந்தால், ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்புக்கான மருந்து ஓடிக்கொண்டிருந்தால், மயக்கம் தரும் வலிநிவாரணி ஊசி போட்டிருந்தால், நடையை மறந்துவிட வேண்டும். எபிடூரல் போட்டவர்கள் கதை இன்னும் சுவாரஸ்யமானது. நிமிர்ந்திருப்பதுதான் எப்போதும் நல்லது என்று நம்பிக்கொண்டிருந்தபோது, பிரிட்டனில் எபிடூரல் போட்ட 3000-க்கும் அதிகமான தலைச்சன் பிரசவப் பெண்களிடம் செய்த சோதனை 2017-இல் வெளியானது. முக்கும் கட்டத்தில் நிமிர்ந்து இருந்தவர்களைவிட, ஒருக்களித்துப் படுத்தவர்களில்தான் ஆயுதம் (இடுக்கியோ வாக்குவமோ) போடாமல் தானாகப் பெற்றவர்கள் அதிகம். ஆக, எதிரி படுக்கை இல்லை. மல்லாந்தே, அசையாமல், மணிக்கணக்கில் கிடப்பதுதான்.

முக்கும் கட்டத்துக்கு வருவோம். எங்கள் ஆயா (பாட்டி) காலத்தில், வட ஆற்காட்டுக் கிராமங்களில், உத்திரத்தில் புடவையைக் கட்டி அதைப் பிடித்துத் தொங்கியபடி குந்தி முக்குவார்களாம், பின்னால் ஒருத்தி முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்வாளாம். ஆயா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். தென்னாட்டுப் பழைய தேர்ச் சிற்பங்களிலும் நின்றபடி பிள்ளை பெறும் பெண்ணும், அவளை இருபுறமும் தாங்கிய பெண்களும் உண்டு. குந்தும்போது கீழ்வாய் விரிகிறது, வால் எலும்புக்கு இடம் கிடைக்கிறது, பாரம் தானே இறங்குகிறது. ஆனால் எங்கள் தலைமுறைக்கு வந்தது இன்றைய பிள்ளைகளுக்கு வராது. சின்ன வயதிலிருந்தே நாற்காலியிலும் வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் உட்கார்ந்து பழகினவள் இரண்டு வலிக்குமேல் குந்த மாட்டாள், தொடை நடுங்கும். பீடி சுற்றுகிற, நாற்று நடுகிற பெண்கள் அனாயாசமாகக் குந்துவார்கள். முடியாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. முட்டி போட்டு கட்டில் தலைப்பக்கத்தில் சாயலாம், ஒருக்களித்துப் படுத்து மேல் காலை யாரையாவது தாங்கச் சொல்லலாம். தலை கீழ்வாயை நெருங்கும்போது முழங்கால்களை அகட்டுவதைவிட, முழங்காலைச் சற்று உள்ளே கொண்டுவந்து பாதங்களை வெளியே விட்டால் அங்கே இடம் கூடும். நாங்கள் டேபிளில் செய்வது இதற்கு நேர்எதிர், கால்களை அகட்டிக் கம்பியில் மாட்டுவோம்.

மறுபக்கமும் உண்டு. எபிடூரல் இல்லாத பெண்கள் நிமிர்ந்து முக்கினால் ஆயுதக் கேஸும், பிறப்புவாயில் கத்தரி போட்டுத் தைப்பதும் குறைகின்றன என்று 2017 காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. ஆனால் ரத்தம் 500 மில்லிக்கு மேல் போவது கொஞ்சம் கூடலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ரத்தசோகை இருக்கிற பெண்கள் நம் பக்கம் நிறைய. ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று வருகிறவளை நான் குந்த வைக்க மாட்டேன், ஒருக்களித்தே பெறட்டும் என்பேன். இருப்பு எதுவானாலும், மூச்சை அடக்கி எண்ணி எண்ணி முக்க வைப்பது வேண்டாம், உந்துதல் வரும்போது அவளாக முக்கினால் போதும். வயிற்றின் மேல் ஏறி அமுக்குவது வேண்டவே வேண்டாம். அதை உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சொல்லியும் எத்தனையோ லேபர் ரூமில் இன்னும் நடக்கிறது.

சரி, "வுடுவாங்களா?"

இத்தனை தெரிந்தும் ஏன் படுக்கப்போடுகிறோம்? பெண்கள் மேல் வெறுப்பு இல்லை, அறியாமையும் இல்லை. ஆள் போதாது. ராத்திரி டூட்டியில் ஒரு சிஸ்டர், வலியில் பல பேர், நடுவில் டேபிளில் ஒருத்தி. எல்லோரும் அவரவர் கட்டிலில் படுத்திருந்தால் ஒரு பார்வையில் கணக்குத் தெரியும். துடிப்பு கேட்கலாம், ட்ரிப்ஸ் கழன்றதா பார்க்கலாம். வராண்டாவில் நடக்கிறவளுக்குத் தலை சுற்றி விழுந்தால், பாத்ரூமில் குழந்தை வந்துவிட்டால், பதில் சொல்ல வேண்டியவள் நான். டேபிளும் விளக்கும் தையல் தட்டும் மல்லாந்து படுத்தவளுக்காகவே செய்து வைத்தவை. படுத்திருப்பவள் எங்களுக்கு வசதி. இதை ஒப்புக்கொள்ளாமல் பொசிஷனைப் பற்றி எத்தனை டிரெயினிங் கொடுத்தாலும் வார்டு மாறாது.

மாறின வார்டுகளை யோசித்துப் பார்த்தால், அங்கே புதுக் கட்டிலும் பந்தும் வந்ததால் மாறவில்லை. உள்ளே ஒரு பெண்ணைத் துணைக்கு விட்டதால் மாறியது. நடத்திக் கூட்டிப்போக, முதுகு அமுக்க, தண்ணீர் கொடுக்க, விழாமல் பிடிக்க ஒருத்தி இருந்தால் அந்தப் பெண் கட்டிலை விட்டு இறங்க சிஸ்டருக்கும் தைரியம் வரும். அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தத் துணையை உள்ளே விட வேண்டும் என்பது இன்று விதி. மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த லக்‌ஷ்யா திட்டம் துணையையும், பெண் தான் விரும்பும் இருப்பில் பெறுவதையும் லேபர் ரூம் தரத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறது. நடைமுறையில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம் உண்டு, டூட்டிக்கு டூட்டியும் உண்டு.

வேலூர்க்காரர்களுக்கு ஐடா ஸ்கடர் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள், அவருடைய அப்பா டாக்டர், ஆனால் ஆண் கை படக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள், மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரைப் படிக்க அனுப்பியது. 1900-இல் டாக்டராகத் திரும்பி வேலூரில், பின்னாளில் சி.எம்.சி. ஆன ஆஸ்பத்திரியை ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். பிரசவ அறைக்குள் யார் இருக்கலாம் என்பது இந்த மண்ணில் உயிர் போகிற கேள்வியாக இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாறியதால் எத்தனையோ உயிர் தப்பியது, வீட்டுப் பிரசவக் காலமே பொற்காலம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் வாசலில் மருத்துவச்சியோடு சேர்த்து, முதுகுக்கு முட்டுக்கொடுத்தவளையும் வெளியே நிறுத்திவிட்டோம்.

ஆகவே செக்கப்புக்குப் போகும்போதே கேளுங்கள். "துணைக்கு ஒருத்தர உள்ள வுடுவீங்களா? வலி நேரத்துல நடக்கலாமா?" மரியாதையாக, எட்டாம் மாசத்திலேயே. வலி எடுத்து 108-இல் வந்து இறங்கிக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்லப் பொறுமை இருக்காது. பொது லேபர் ரூம் என்றால் பெண் துணைதான், அதிலும் தானே பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. தனி அறை இருந்தால் புருஷனும் வரலாம், வந்தவர்களில் பலர் நன்றாகவே முதுகு அமுக்குகிறார்கள்.

யாரைக் கூட்டிப்போவது என்பதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அம்மா. என் அனுபவத்தில் பல அம்மாக்கள் மகள் கத்தியதுமே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் சிஸ்டருக்குக் கவனிக்க இரண்டு பேர். அக்கா, அண்ணி, அத்தை, பக்கத்து வீட்டு அம்மா, யாராக இருந்தாலும் சரி, கையில் பலம் இருக்கிறவராக, வாய் கம்மியாக இருக்கிறவராகப் பாருங்கள். முடிவானதும் வீட்டிலேயே ஒரு தடவை இடுப்பை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்பது அப்போதே பிடிபட்டுவிடும். அம்மாவிடம் கஞ்சி கொண்டுவரும் வேலையைக் கொடுத்துவிடலாம்.